அப்பா கொண்டுவந்த முதற்பலன்

எங்கள் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், தோல் கிடங்கில் அப்பாவோடு வேலை செய்தவர்களுக்கும் அம்மாவின் சார்பிலும் என் சார்பிலும் வணக்கம், ஸ்தோத்திரம்.

நான் அவருடைய ஒரே மகள். வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலைக்குப் பயிற்சி பெற்று, அங்கேயே மருந்தறையில் இருக்கிறேன். கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. சீசாவில் ஒட்டும் சீட்டில் எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த எழுத்து. மருந்தின் பெயர், அளவு, எப்போது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகையால் அப்பாவின் வாழ்க்கையையும் வரிசையாகவே எழுதப் பார்க்கிறேன். நடுவில் வரிசை கலைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது கணியம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு சேரியில். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. தாது வருஷப் பஞ்சம் முடிந்து நல்ல மழை பெய்த வருஷம் என்று அவருடைய தாயார் சொல்வாராம். பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். மூன்று பிள்ளைகள்: என் பெரியப்பா, அப்பா, சித்தப்பா. பெரியப்பா ஊரிலேயே தங்கிவிட்டார். அப்பாவும் சித்தப்பாவும் மீசை அரும்பும் வயதில் வேலை தேடி ஆம்பூருக்கு வந்து, ஒரு சாயபுவின் தோல் கிடங்கில் சேர்ந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை வெளியே இழுத்து மயிரைச் சுரண்டும் வேலை. சுண்ணாம்பு தின்ற விரல்களோடுதான் நான் அப்பாவை எப்போதும் பார்த்திருக்கிறேன்.

அப்பா கிறிஸ்தவரான விதத்தைச் சிலர் வேறு விதமாகச் சொல்கிறார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தார் என்பார்கள். பள்ளிக்கூடத்துக்காகச் சேர்ந்தார் என்பார்கள். நடந்தது இது. கிடங்கை அடுத்த குடிசைகளில் வாந்திபேதி வந்தபோது சித்தப்பா இறந்துபோனார். பயத்தில் அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அப்பா தம்பியின் உடலுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். அப்போது, தெருவில் ஓரிரு முறை பார்த்ததைத் தவிர அவர் அறியாத ஒருவர் உள்ளே வந்தார். அவர்தான் எங்கள் சபையின் உபதேசியார்.

அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரே மாதிரிதான் சொல்வார். "அவரு ஒண்ணும் போதிக்கலெ. அழாதேன்னுகூடச் சொல்லலெ. 'தண்ணி இருக்குதா?'ன்னு கேட்டாரு. சட்டைக் கையை மடிச்சினு குந்திட்டாரு. ரெண்டு பேருமா அவனெக் குளிப்பாட்டனோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயிலுக்குப் போனார். அந்த மனிதர் எந்த இடத்திலிருந்து வந்தார் என்று பார்க்கத்தான் போனாராம். அதற்குப் பிறகு அவர் போகாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

ஞானஸ்நானம் பெறப்போகும் செய்தி கேட்டுப் பெரியப்பா ஊரிலிருந்து வந்தார். பெரியப்பா இந்த மலரைப் படிக்கக் கேட்பார் என்பதால் அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

"ஊர்ல நாம வெளியெ நிக்கறோம். அங்கெ போய் உள்ளெ குந்தலாம்னு பாக்கறியா? அங்கெயும் உனக்குக் கடைசிப் பாயிதான்டா."

"கடைசிப் பாயின்னாலும் உள்ளெதானெண்ணா இருக்குது" என்றாராம் அப்பா.

"நாளைக்கு நீ செத்தா எவன்டா எடம் குடுப்பான்?"

பெரியப்பா எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை அன்றோடு நிறுத்திக்கொண்டார்.

பெரியப்பா சொன்னதில் பாதி உண்மை. எங்கள் சபையில் முதலில் சேர்ந்தவை நிலம் வைத்து விவசாயம் செய்த குடும்பங்கள். அவர்கள் முன்பாய்களில் உட்கார்ந்தார்கள். கிடங்குக்காரர்கள் கடைசிப் பாயில். அப்படி உட்காரும்படி யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கிடங்கில் வேலை செய்கிறவர் எத்தனை முறை குளித்தாலும் மேலே ஒரு வாடை இருக்கும். அப்பா சனிக்கிழமை சாயங்காலமே சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு, "இப்ப கம்மியா இருக்குதா?" என்று அம்மாவிடம் கையை நீட்டுவார்.

அம்மா மிஷன் பள்ளியில் தங்கிப் படித்தவர். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. மணமான நாளிலிருந்து தினமும் காலையில் அம்மா வேதத்தில் ஒரு பகுதியை வாசிப்பார், அப்பா கேட்டுவிட்டு வேலைக்குப் போவார். சில நாள் பாதி வழியில் திரும்பி வந்து, "அந்தக் கடைசி வரியெ இன்னொரு தபா சொல்லு" என்று கேட்பாராம்.

அவர்களுக்கு மணமான புதிதில் அறுப்பின் பண்டிகை வந்தது. நம் சபையைச் சேராதவர்களுக்காக ஒரு வார்த்தை: தை மாதத்தில் அறுவடை முடிந்தபின், சபையார் தங்கள் விளைச்சலில் முதற்பலனை எடுத்துவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். நெல், கேழ்வரகு, பூசணி, வாழைத்தார், கோழி. ஆராதனை முடிந்ததும் அவற்றைக் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். ஒருவர் கொண்டுவந்ததை இன்னொருவர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். அன்று இரவு எல்லா வீட்டிலும் அடுத்தவர் வீட்டு விளைச்சல்தான் சமையல்.

"ஒவ்வொருவரும் தங்கள் கையின் பிரயாசத்தில் முதற்பலனைக் கொண்டுவாருங்கள்" என்று எங்கள் சபைக் குருவான ஐயர் அறிவித்தார். நிலமில்லாதவர்கள் சந்தையில் ஒரு பூசணிக்காய் வாங்கி வந்து வைப்பதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. ஐயர் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார்.

கிடங்கு மேஸ்திரியிடம், எல்லாரும் பாய் என்று கூப்பிடும் முஸ்லிம் நண்பரிடம், கேட்டு ஒரு வெள்ளாட்டுத் தோல் வாங்கினார். வேலை நேரம் முடிந்தபின் அதைத் தாமே பதனிட்டார். ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் சுரண்டி, உள்பக்கச் சதையைச் சீவி, சுண்ணாம்பு போகக் கழுவி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் வைத்து, பிறகு கடுக்காய்த் தண்ணீர், பிறகு எண்ணெய், பிறகு நிழலில் உலர்த்தல். இத்தனையும் ஒருவர் வேலையில்லை. கிடங்கில் ஒவ்வொன்றுக்கும் தனி ஆள். அப்பா மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். பண்டிகையன்று அதை வெள்ளைத் துணியில் மடித்து எடுத்துப் போனார்.

ஐயர் துணியைப் பிரித்துப் பார்த்தார். ஒரு கணம் தயங்கினாராம். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஜெபம் செய்தார். அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஏலத்தில் அந்தத் தோலின் முறை வந்தது. ஏலம் விடும் பெரியவர் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"இது இன்னாய்யா? ஆட்டெக் காணோம், சட்டையெ மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போயிடுச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். "செருப்பு தெச்சுக்கலாம்" என்றார் ஒருவர். "சாமிக்கு வெச்சதெக் கால்ல மாட்டறதா?" என்றார் இன்னொருவர். பெண்கள் பக்கத்தில் ஒருவர் மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். புதுப்பெண்ணான அம்மா அவரைப் பார்த்து, "உங்க கோழி ஜெபத்துக்கு நடுவுல எச்சம் போட்டுதே அக்கா, அது மட்டும் மணக்குதா?" என்று கேட்டுவிட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

ஆனால் யாரும் ஏலம் கேட்கவில்லை. பெரியவர் மூன்று தரம் கூவிப் பார்த்தார். தோல் அவர் கையிலேயே இருந்தது. கடைசியில் கூட்டத்தின் பின்னாலிருந்து அப்பாவே கையைத் தூக்கினார். தாம் கொண்டுவந்ததைத் தாமே ஏலத்தில் எடுத்து, அதே வெள்ளைத் துணியில் மடித்து, வீட்டுக்கு எடுத்துவந்தார்.

அடுத்த வருஷம் ஒரு பூசணிக்காய் போதுமே என்று அம்மா சொல்லிப் பார்த்தார். அப்பா மறுபடியும் தோல்தான் கொண்டுபோனார். மறுபடியும் ஐயர் வாங்கி வைத்தார். மறுபடியும் யாரும் கேட்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. நான் பிறந்து, நடக்கப் பழகி, பண்டிகைக்குப் போகத் தொடங்கியபோது அது சபையின் வழக்கங்களில் ஒன்றாகியிருந்தது. சிரிப்புகூட நின்றுவிட்டது. பெரியவர் தோலைத் தூக்கிப் பிடித்து, இரண்டு தரம் கூவி, அப்பாவைப் பார்ப்பார். அப்பா கையைத் தூக்குவார். அவ்வளவுதான். சிரித்த காலமே நன்றாயிருந்தது என்று அம்மா சொல்வார்.

ஒரு முறை நான் அப்பாவிடம் கேட்டேன். அப்போது பள்ளியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன்.

"யாருமே எடுக்கறதில்லியேப்பா. எதுக்கு வருஷா வருஷம்?"

"ஐயரு முதற்பலன் கேக்கறாரு. எனக்கு வெளையறது இதான் கண்ணு."

"அது சரி. திரும்ப நீங்களே வாங்கினு வர்றீங்களே."

அப்பா சொன்னார்: "சாமி வாங்கிக்கினாரு. அது எனக்குத் தெரியும். அதுல சந்தேகம் இல்லெ. ஆனா என்னிக்காவது ஒருத்தரு அதெ எடுத்துனு அவங்க ஊட்டுக்குப் போவணும். அன்னிக்குத்தான் நானும் அவங்க ஊட்டு ஆளு."

மேஸ்திரி பாய் ஒரு பண்டிகையன்று வாசலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "தோஸ்த், அடுத்த வருஷம் நான் ஏலம் கேக்கறேன்" என்றார். "நீங்க எடுத்தீங்கன்னா ஊரே சிரிக்கும் பாய். கடல்காரன் உப்பு வாங்கனா மாதிரி" என்று அப்பா மறுத்துவிட்டார். இருவரும் சிரித்தார்கள். பாய்க்குக் கண் கலங்கியிருந்ததாக அம்மா சொல்கிறார்.

திரும்பி வந்த தோல்கள் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் இருந்தன. வருஷத்துக்கொரு முறை அப்பா எல்லாவற்றையும் வெளியே எடுத்து, எண்ணெய் தடவி, உள்ளங்கையால் தேய்த்து, மீண்டும் மடித்து வைப்பார். கடைசியில் அவை துணிபோல மெத்தென்று ஆகிவிட்டன.

அப்பாவைத் துக்கமான மனிதராக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பாடும்போது எப்போதும் சபைக்கு ஒரு வரி முன்னால் போய்விடுவார். எந்த வீட்டில் மரணம் நேர்ந்தாலும், எந்த மதத்தார் வீடானாலும், முதலில் போய் "தண்ணி இருக்குதா?" என்று கேட்பவர் அவர்தான். முடிவெடுக்க வேண்டியிருந்தால் முழங்காலில் நிற்பார். எழுந்த பிறகு மாற்றிக்கொள்ள மாட்டார். என்னை மருந்து வேலை படிக்க வேலூருக்கு அனுப்பியதும் அப்படித்தான். "பொண்ணெ அனுப்பிட்டு அப்புறம் பேஜார் படுவே" என்று பலர் சொன்னார்கள். "கேக்க வேண்டிய எடத்துல கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, என் டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

இனி அவருடைய கடைசி நாட்கள்.

சென்ற வருஷம் தை மாதத்துப் பண்டிகைக்கு லீவு பெற்று நான் ஊருக்கு வந்தபோது, அப்பாவின் கட்டைவிரலில் கந்தல் சுற்றியிருந்தது. பண்டிகைத் தோலின் சதையைச் சீவும்போது கத்தி பட்டிருக்கிறது.

"இன்னாப்பா இது?"

"கத்தி ஒரு முத்தம் குடுத்துச்சு. உங்கம்மாவுக்குச் சொல்லாதே, சண்டைக்குப் போவா."

காயத்தைப் பிரித்துக் கழுவி டிங்சர் போட்டேன். அதற்குள் அது மூடிவிட்டிருந்தது. வீக்கமில்லை, சீழில்லை, நோவும் இல்லை. அம்மா தம்மையே குறை சொல்லிக்கொள்வதால் இதை இங்கே எழுதி வைக்கிறேன்: அந்தக் காயத்தைப் பார்த்து யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது.

அந்த வருஷமும் தோல் பீடத்துக்கு முன்னால் வைக்கப்பட்டது. ஏலம் தொடங்குவதற்கு முன், பொருள்கள் வைத்திருந்த பாயருகே விவசாயக் குடும்பத்து மருமகள் ஒருத்தி நின்றிருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி. கையை நீட்டித் தோலைத் தடவிப் பார்த்தாள். "எவ்ளோ மெத்துனு இருக்குது அத்தெ" என்றாள். மாமியார் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஏலத்தில் வழக்கம்போல அப்பா, கந்தல் சுற்றிய விரலோடு கையைத் தூக்கினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் முகம் மலர்ந்திருந்தது. வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே அம்மாவைக் கூப்பிட்டார்.

"இந்தா, பாத்தியா? இன்னிக்கு ஒருத்தி தொட்டுப் பாத்தா."

நான் மறுநாள் வேலூருக்குத் திரும்பினேன். சில நாளில் மேஸ்திரி பாய் அப்பாவை ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். அம்மாவும் வந்திருந்தார். பாய் என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா இது, காலைலேர்ந்து உங்கப்பா எங்கிட்டப் பேசவே மாட்டேங்கறாரு, எம்மேல கோவம் போல" என்று சிரிக்கப் பார்த்தார்.

அப்பாவின் தாடை இறுகியிருந்தது. வாய்ப்பூட்டு என்று நம் பக்கத்தில் சொல்லும், காயத்தின் வழியாக உள்ளே போகும் இசிவு நோய். நான் படித்த பாடத்தில் அது இருந்தது. ஆகவே யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மாவும் நர்ஸ் சகோதரிகளும் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தார்கள். ஊசி போட்டார்கள். அறையை இருட்டாக்கினார்கள். கதவுக்கீல் சத்தம் கேட்டாலும் உடல் விறைக்கும் என்பதால் வெறுங்காலோடு நடந்தார்கள். தூக்க மருந்தை நான் என் கையால் அளந்து கலந்தேன். அன்று அந்தச் சீசாவில் சீட்டு ஒட்டவில்லை. யாருக்கு என்று எழுத என் கை வரவில்லை.

இறுகிய பற்களுக்கு இடையிலிருந்து அப்பா சொன்ன கடைசிச் சொற்கள் அம்மாவிடம். "பெட்டியில... எண்ணெ." பெட்டியிலிருக்கும் தோல்களுக்கு எண்ணெய் போடச் சொல்கிறார் என்று அம்மா உடனே புரிந்துகொண்டார். "போடறேன், நீங்க தூங்குங்க" என்றார்.

ஆம்பூரிலிருந்து ஐயர் நற்கருணையோடு வந்தார். அப்பாவால் வாய் திறக்க முடியவில்லை. அப்பம் கொடுக்க வழியில்லை. ஐயர் விரலைத் திராட்சரசத்தில் நனைத்து அப்பாவின் உதட்டில் வைத்தார். அப்பா கண்ணை மூடித் திறந்தார். விடியும்போது போய்விட்டார்.

உடலை ஆம்பூருக்குக் கொண்டுவந்தோம். வீட்டு வாசலில் யாரும் கேட்பதற்கு முன்பே உள்ளே வந்து, "தண்ணி இருக்குதா?" என்றவர் மேஸ்திரி பாய். எங்கள் ஐயரும் அவரும் கிடங்குக்காரர்களும் சேர்ந்து அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். பெரியப்பா கணியம்பாடியிலிருந்து வந்து, வெகு நேரம் தெருவிலேயே நின்றார். பிறகு ஐயரிடம் போய், "எடம் குடுத்துட்டீங்களா சாமி?" என்று கேட்டார். "அவருக்கு எடம் இருக்குது. வாங்க, வந்து பாருங்க" என்று ஐயர் அவரைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினார். திரும்பி வந்த பெரியப்பா அம்மாவிடம் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். சவப்பெட்டியைத் தூக்கும்போது அவருடைய தோளும் இருந்தது.

கடைசியாக அப்பா திருப்பி எடுத்துவந்த தோலை அம்மா அவருடைய தலைக்கு அடியில் வைத்து அனுப்பினார்.

இந்த வருஷப் பண்டிகை சென்ற வாரம் நடந்தது. நாங்கள் போனோம். சந்தையில் ஒரு பூசணிக்காய் வாங்கி வைத்தோம். அதை ஒருவர் உடனே எடுத்துவிட்டார். ஏலம் நடந்துகொண்டிருக்கையில் ஓரிடத்தில் பெரியவரின் கை வெறும் பாயை நோக்கிப் போய் நின்றுவிட்டது. அவர் கூட்டத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பொருளைத் தூக்கினார். நான் அதுவரை அழவில்லை.

அன்று சாயங்காலம் அந்த மருமகள் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாமியாரும் வந்திருந்தார், உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தோலு இருக்குதா அக்கா? கொழந்தெக்கு அடியில விரிக்கத்தான். அப்பவே கேக்கணும்னு இருந்தேன். வெக்கமா இருந்துச்சு" என்று என்னிடம் சொன்னாள்.

அம்மா பெட்டியைத் திறந்தார். முதல் வருஷத்துத் தோலை, ஏலத்தில் எல்லாரும் சிரித்த அந்தத் தோலை, எடுத்து அவளிடம் கொடுத்தார். குழந்தையை அதன்மேல் படுக்க வைத்துப் பார்த்தார்கள். அது கால்களை உதைத்தது. அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனவர் நெடுநேரம் வரவில்லை.

மீதியிருந்த தோல்களை நானும் அம்மாவும் பெரியப்பாவும் சேர்ந்து துண்டுகளாக வெட்டினோம். இந்த மலரோடு நூலில் கட்டியிருப்பது அதுதான். எண்ணெய் போட்டிருக்கிறோம். வேதாகமத்தில் அடையாளம் வைக்கலாம். குரானுக்கோ, ராமாயணத்துக்கோ வைக்கலாம். கண்ணாடி துடைக்கலாம். குழந்தைக்கு விளையாடக் கொடுக்கலாம். எதற்கும் வேண்டாமென்றால் ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள்.

அப்பாவுக்காக உழைத்த ஐயர் அவர்களுக்கும், மேஸ்திரி பாய்க்கும், டாக்டரம்மாவுக்கும் நர்ஸ் சகோதரிகளுக்கும், தோள் கொடுத்த கிடங்குத் தொழிலாளர்களுக்கும், பெரியப்பாவுக்கும், ஏலம் விட்ட பெரியவருக்கும், தொட்டுப் பார்த்த அந்தச் சகோதரிக்கும் எங்கள் நன்றி. உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள் மட்டும். அந்தத் துண்டை இங்கே வைத்துவிட்டுப் போகாதீர்கள். உங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். இந்த முறை அதைத் திருப்பி எடுத்துவர அப்பா இல்லை.